கர்ப்பிணிக்குக் கஷாயம்... எந்த மாதத்தில் எது?

‘இங்கிலீஷ் மருந்துன்னா பயமா இருக்கு டாக்டர். அதனால மூலிகையா ஏதாவது குடிக்கலாமேன்னு...’ - என்னிடம் வருகிற கர்ப்பிணிப் பெண்கள் பலர் பேச்சை ஆரம்பிப்பதே இப்படித்தான். கூட வந்திருக்கும் மாமியார் சும்மா இருப்பாரா? ‘கஷாயம் என்ன பண்ணிடப் போவுது? நாங்கல்லாம் குடிக்கலியா?’ என்பார்.

கஷாயம் ஏதாவது பண்ணும் அம்மா. பண்ணும் என்பதால்தானே குடிக்கிறீர்கள்! வலியை அடக்கும், நீரைப் பிரிக்கும், மலத்தை இளக்கும், நின்றுபோன தீட்டை வரவழைக்கும் என்று நம்பிக் குடிக்கிற ஒரு பொருள், வயிற்றில் இருக்கும் சிசுவின் விஷயத்தில் மட்டும் ஒன்றுமே செய்யாமல் ஒதுங்கி நிற்குமா? யோசித்துப் பாருங்கள்.

நான் சித்த மருத்துவம் படித்தவன். கஷாயம் கூடாது என்று சொல்ல வரவில்லை. எது, எவ்வளவு, எந்த மாதத்தில் என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகு குடியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

சமையல் அளவு வேறு, மருந்து அளவு வேறு

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ரசத்தில் தாளிக்கும் சீரகம், குழம்பில் விழும் பத்து வெந்தயம், டீயில் தட்டிப்போடும் ஒரு துண்டு இஞ்சி - இவற்றைப் பற்றி எந்தக் கர்ப்பிணியும் கவலைப்பட வேண்டாம். தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வந்த அளவு அது.

அதே வெந்தயத்தை இரண்டு ஸ்பூன் பொடித்து, வெறும் வயிற்றில், தினமும் விழுங்கினால் அது சாப்பாடு அல்ல, மருந்து. ரத்தத்தில் சர்க்கரையை இறக்கும். ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவருக்கு மயக்கம்கூட வரலாம்.

எங்கள் சித்த மருத்துவத்தில் உள்ளுக்குக் கொடுக்கும் மருந்துகளை 32 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் குடிநீரும் ஒன்று. குடிநீர் என்றால் குழாயில் வரும் தண்ணீர் அல்ல; நீங்கள் கஷாயம் என்கிறீர்களே, அதுதான்! சரக்கை இடித்துப் போட்டு, தண்ணீர் நாலில் ஒன்றாகவோ எட்டில் ஒன்றாகவோ வற்றும்வரை காய்ச்சுவது. அப்படி வற்றும்போது சரக்கின் சத்து எவ்வளவு இறங்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். சுடுதண்ணீரில் ஐந்து நிமிஷம் ஊறவைத்து வடிகட்டுவது ஊறல். இன்று ‘மூலிகை டீ’ என்று சொல்வது பெரும்பாலும் இந்த ஊறல்தான். சத்து குறைவாக இறங்கும். கர்ப்பிணிக்கு, அதுவும் முதல் மாதங்களில், ஊறலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இன்னொன்று. குடிநீருக்கு ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம்தான். காலையில் காய்ச்சி ஃபிளாஸ்கில் ஊற்றி, ஆபீசுக்குக் கொண்டுபோய், சாயந்திரம் மிச்சத்தைக் குடிக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

நாள் தள்ளிப்போனால் முதலில் பரிசோதனை

கர்ப்பிணிகளுக்குச் சொல்வதற்கு முன்னால், கர்ப்பம் என்று இன்னும் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு அதிகம் கவலை தருகிற விஷயம் இதுதான்.

தீட்டு பத்து நாள் தள்ளிப்போகிறது. ‘உடம்பு சூடு’ என்று எள்ளும் வெல்லமும் இடித்துச் சாப்பிடுகிறார்கள். வரவில்லை. கருஞ்சீரகக் கஷாயம் போடுகிறார்கள். அதற்கும் வரவில்லை என்றால் பக்கத்து வீட்டு அக்கா சொன்ன வேறொரு சரக்கு. மூன்றாவது வாரம் சொட்டுச் சொட்டாக ரத்தம் பட்டதும், ‘அப்பாடா, வந்துடுச்சு’ என்று நிம்மதி. ஆனால் அது தீட்டாக இல்லாமல், தங்கிய கரு கலையும் அறிகுறியாக இருக்கலாம். அதைவிட மோசம், கரு கர்ப்பப்பையில் தங்காமல் குழாயில் தங்கியிருக்கலாம். குழாய் வெடித்தால் ரத்தம் வெளியே வராமல் வயிற்றுக்குள்ளேயே கொட்டும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் குத்துகிற வலி, தோள்பட்டை வலி, தலைசுற்றல் என்று வந்தால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. கஷாயம் காய்ச்ச அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

நாள் தள்ளிப்போனால் முதல் வேலை சிறுநீர்ப் பரிசோதனை. மருந்துக் கடையில் கிட் கிடைக்கிறது. கர்ப்பம் இல்லை என்று உறுதியான பிறகு, ஏன் தள்ளிப்போகிறது என்று பாருங்கள். தைராய்டாக இருக்கலாம், சினைப்பை நீர்க்கட்டியாக இருக்கலாம், ரத்தசோகையாக இருக்கலாம். அதற்குத் தகுந்த மருந்து எங்களிடமும் உண்டு.

கரு தங்கிவிட்டது, இப்போது வேண்டாம் என்று நினைப்பவர்களும் இருப்பார்கள். அதற்கும் வீட்டுக் கஷாயம் வழியல்ல. கரு முழுசாக வெளியேறாமல் உள்ளே தங்கி, சீழ் பிடித்து, உயிருக்கே வினையாகும். 1971 முதல் இதற்குச் சட்டம் இருக்கிறது. 2021-இல் திருத்தவும் செய்திருக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் லேடி டாக்டரிடம் தயங்காமல் பேசுங்கள்.

முதல் மூன்று மாதம் - மசக்கைக்கு என்ன?

இந்த மூன்று மாதத்தில்தான் சிசுவின் இதயம், மூளை, கை கால் எல்லாம் உருவாகின்றன. ஆகவே நான் அதிகம் எதையும் கொடுக்க மாட்டேன். ஆனால் மசக்கைக்கு நம் அடுப்படியிலேயே மருந்து இருக்கிறது. இஞ்சி!

உலக சுகாதார நிறுவனம் 2016-இல் கர்ப்பகாலப் பராமரிப்புக்கு வெளியிட்ட பரிந்துரைகளில், ஆரம்ப மாதக் குமட்டலுக்கு இஞ்சியையும் சேர்த்திருக்கிறது. நம் பாட்டிகளுக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்படவில்லை. இருந்தாலும் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

செய்முறை சுலபம். கட்டைவிரல் நகம் அளவு இஞ்சியைத் தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, ஒரு டம்ளர் கொதிக்கும் தண்ணீரில் போட்டு மூடி வையுங்கள். ஐந்து நிமிஷம் கழித்து வடிகட்டி, நாலு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு விட்டு, வாய் வாயாகக் குடியுங்கள். ஒரேயடியாகக் குடித்தால் அதுவும் வெளியே வந்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு வேளை போதும். சுக்குத்தூள் என்றால் நாள் முழுவதற்கும் சேர்த்து 1 கிராம், அதாவது தலைதட்டிய அரை டீஸ்பூன். அதற்கு மேல் வேண்டாம். நெஞ்செரிச்சல் இருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். சுக்கு வாங்கினால் மேல்தோலைச் சீவிவிட்டுத்தான் இடிக்க வேண்டும். இதை உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனால் பாக்கெட் பொடி வாங்குகிற பெண்களுக்கு இது மறந்தே போய்விட்டது.

இஞ்சி வாசனையே ஆகாது என்கிறவர்களுக்கு நெல்பொரிக் கஞ்சி. ஒரு கைப்பிடி நெல்பொரியைத் தண்ணீரில் வேகவைத்து, உப்புப் போட்டு, தட்டிய ஏலக்காய் ஒன்று சேர்த்து, ஆறவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் வயிற்றில் தங்கும். மாதுளை மணப்பாகும் நல்லதுதான். ஆனால் அது சர்க்கரைப் பாகு என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் கறுத்துக் கொஞ்சமாகப் போகிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால் அது வெறும் மசக்கை அல்ல. குளுகோஸ் ஏற்ற வேண்டியிருக்கும், போய்விடுங்கள்.

நிலவேம்பு, கபசுரம் எல்லோருக்கும் பொது அல்ல

டெங்கு சீசன் வந்தால் தெருவில் அண்டா வைத்து நிலவேம்புக் குடிநீர் ஊற்றுகிறார்கள். 2020-இல் கொரோனா வந்தபோது கபசுரக் குடிநீர் இல்லாத வீடே இல்லை. நல்ல மருந்துகள்தான். ஆனால் டம்ளரை நீட்டுகிறவர், ‘ஏம்மா, முழுகாம இருக்கியா?’ என்று கேட்டா ஊற்றுகிறார்?

நிலவேம்பு கடும் கசப்புச் சரக்கு. விலங்குகளிடம் செய்த ஆய்வுகளில் கருத்தரிப்பைத் தடுக்கும் தன்மை அதற்கு இருப்பதாகப் பார்த்திருக்கிறார்கள். கபசுரத்தில் நிலவேம்போடு ஆடாதோடையும் சேர்கிறது. ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற சத்து கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது. சளிக்கு ஆடாதோடை மணப்பாகு அருமையான மருந்து, மறுக்கவில்லை. ஆனால் ஆறாம் மாதக் கர்ப்பிணி இருமுகிறாள் என்று வீட்டில் இருக்கும் பாட்டிலை எடுத்து ஊற்றக் கூடாது. அவளுக்கு ஆவி பிடிப்பதும், மிளகு ரசமும், வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனை அவசியம்.

இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டியவை இன்னும் சில உண்டு. கற்றாழை, நிலாவரை, கடுக்காய், மருந்து அளவில் எள், கருஞ்சீரகம். கழிச்சல் உண்டாக்கும் சரக்கு எதுவுமே கர்ப்பிணிக்கு ஆகாது. மலச்சிக்கலுக்கு என்ன செய்வது என்பீர்கள். இருபது உலர் திராட்சையை ராத்திரி ஊறவைத்து, காலையில் தண்ணீரோடு சாப்பிடுங்கள், வாழைத்தண்டு, கீரை, நிறையத் தண்ணீர். செம்பருத்திப் பூ டீயையும் பிரசவம்வரை தள்ளிவையுங்கள்.

குங்குமப்பூவைப் பற்றிக் கேட்காத கர்ப்பிணியே கிடையாது. குழந்தையின் நிறம் அப்பா அம்மாவின் பரம்பரையில் வருவது. பாலில் போட்ட இரண்டு இதழில் வராது. மணத்துக்காக ஒன்றிரண்டு இதழ் போட்டால் தப்பில்லை. கலர் ஏற்றிய போலிச் சரக்குக்கு ஆயிரக்கணக்கில் பணம் கொடுப்பதைவிட அந்தக் காசுக்கு முட்டையும் பழமும் வாங்கலாம்!

பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள்

சூப்பர் மார்க்கெட்டில் ‘ஹெர்பல் டீ’ என்று அழகான டப்பாவில் வைத்திருக்கிறார்கள். பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பலவற்றில் அதிமதுரம் இருக்கும், தித்திப்புக்காக. தொண்டைக் கரகரப்புக்கு ஒரு துண்டு அதக்குவது வேறு. தினமும் இரண்டு மூன்று கப் என்று மாதக்கணக்கில் உள்ளே போனால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும். பின்லாந்துக்காரர்கள் அதிமதுர மிட்டாய்ப் பிரியர்கள். அங்கே நடந்த ஆய்வில், கர்ப்ப காலத்தில் அதை மிகுதியாகத் தின்ற தாய்மார்களுக்குப் பிரசவம் சற்று முன்னதாகவே ஆவதைக் கண்டிருக்கிறார்கள். கர்ப்பிணிக்கு பிரஷர் ஏறுவது சாதாரண விஷயம் அல்ல. அதைக் கீழே சொல்கிறேன்.

கிரீன் டீயும் டீதான். அதிலும் கஃபீன் உண்டு. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் போகிறது என்றால் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். காபி, டீ எல்லாம் சேர்த்து இரண்டு சின்ன டம்ளரோடு நிறுத்திக்கொண்டால் கணக்கே பார்க்க வேண்டாம்.

அளவைவிட நேரம் முக்கியம். டீ, காபி, துவர்ப்புச் சரக்கு சேர்ந்த கஷாயங்கள் எல்லாம் சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு ரத்தசோகை. இந்த நிலைமையில் சாப்பிட்டு முடித்த கையோடு டீ குடிப்பது எவ்வளவு பெரிய நஷ்டம்! ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். கால்சியம் மாத்திரையை அதோடு சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயம் வேண்டாம், அது இரும்பின் நிறம். கறிவேப்பிலை, முருங்கைக்கீரை எல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள், நல்லது. ஆனால் ‘கீரை சாப்பிடறேன், மாத்திரை வேண்டாம்’ என்று தூக்கிப்போட்டு விடாதீர்கள். சித்த வைத்தியனே சொல்கிறேன்!

கால் வீங்கினால் நெருஞ்சில் போதுமா?

ஐந்தாம் மாதத்துக்கு மேல் சாயந்திரம் கால் கொஞ்சம் வீங்கும். காலையில் வடிந்துவிடும். இது பலருக்கும் வருவது. பார்லித் தண்ணீர் குடிப்பதில் கெடுதல் இல்லை. நெருஞ்சில் குடிநீரும் எங்கள் மருத்துவத்தில் கொடுப்பதுதான், பரிசோதித்துப் பார்த்த பிறகு.

அந்தக் கடைசி வார்த்தையை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். ஏனென்றால் வேறொரு வீக்கம் இருக்கிறது. காலையில் எழுந்தாலும் வடியாது. முகம் உப்பும், மோதிரம் கழற்ற வராது. தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி கூட வரும். பி.பி. பார்த்தால் 140/90-க்கு மேல் இருக்கும், சிறுநீரில் புரதம் போகும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வந்து தாய், சேய் இரண்டு உயிருக்கும் ஆபத்து. இந்த நோயில் நெருஞ்சிலும் பார்லியும் நீரைக் கொஞ்சம் பிரித்துக் காலை வடியவைக்கலாம். வீட்டில் எல்லோரும், ‘பாத்தியா, கேட்டுச்சு!’ என்பார்கள். உள்ளே பிரஷர் அப்படியே ஏறிக்கொண்டிருக்கும். வீக்கம் வடிந்ததை வைத்துத் தீர்மானிக்கவே கூடாது. பி.பி. கருவி என்ன சொல்கிறது என்பதுதான் கணக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு அப்புறம் கஷாயத்தைப் பற்றிப் பேசலாம்.

சர்க்கரையும் அப்படித்தான். ‘வெள்ளைச் சர்க்கரை தொடறதே இல்ல டாக்டர், எல்லாம் கருப்பட்டிதான்’ என்று பெருமையாகச் சொல்லும் கர்ப்பிணிக்கு, 75 கிராம் குளுகோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 140-ஐத் தாண்டி நிற்கிறது. பனங்கற்கண்டு, கருப்பட்டி, வெல்லம், தேன் எல்லாம் ரத்தத்தில் போய்ச் சர்க்கரையாகத்தான் நிற்கும். கர்ப்பகாலச் சர்க்கரை இருப்பவர்கள் எந்தக் கஷாயத்தையும் இனிப்பில்லாமல் குடியுங்கள்.

சீரகக் கஷாயமும் பிரசவ வலியும்

ஒன்பதாம் மாதம் வயிறு வலித்தால் சீரகத்தை வறுத்துக் கஷாயம் போட்டு, கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். சூட்டு வலி என்றால் அடங்கும், பிரசவ வலி என்றால் கூடும் என்பார்கள். அழகான யோசனைதான். பொய் வலி பெரும்பாலும் தண்ணீர் குறைந்தாலோ, அதிகம் நடந்தாலோ வருவது. சூடாக ஏதாவது குடித்து, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அடங்கிவிடும். நிஜ வலி எதைக் குடித்தாலும் நிற்காது. விட்டு விட்டு வந்து, இடைவெளி குறைந்துகொண்டே போகும். ஆக அந்தச் சோதனையில் அனுபவ அறிவு இருக்கிறது.

ஆனால் அந்தச் சோதனை, மாதம் நிறைந்தவருக்கு மட்டும்தான். 37 வாரம் முடிவதற்குள், ஏழாம் மாதத்திலோ எட்டாம் மாதத்திலோ, விட்டு விட்டு வலித்தால் சீரகத்தைத் தேடாதீர்கள். குறைமாதத்தில் குழந்தை பிறந்துவிடும் போலிருந்தால், அதன் நுரையீரல் பக்குவப்பட அம்மாவுக்கு ஊசி போடுவார்கள். அந்த ஊசி வேலை செய்யக் கொஞ்சம் நேரம் வேண்டும். கஷாயம் காய்ச்சி, குடித்து, ‘கொஞ்சம் பாப்போமே’ என்று உட்கார்ந்திருக்கும் இரண்டு மூன்று மணி நேரம், அந்தக் குழந்தை மூச்சு விடுவதற்கு உரிய நேரம்.

அதேபோல் பனிக்குடம் உடைந்து தண்ணீர் போனால், ரத்தம் பட்டால், குழந்தையின் துடிப்பு குறைந்ததாகத் தோன்றினால், எந்த மாதமானாலும் 108-க்குப் போன் செய்யுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு

இங்கே எங்களுக்குக் கொஞ்சம் கை நீளும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பூண்டு எல்லாம் செரிமானத்துக்கும் வாயுவுக்கும் நல்லவை. காரம் தாங்கும் அளவுக்குச் சேருங்கள். தண்ணீர்விட்டான் கிழங்கு பால் சுரப்புக்கு நாங்கள் கொடுக்கும் சரக்கு. ஆனாலும் எந்த லேகியத்தையும்விட, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போட்டு, கேட்டபோதெல்லாம் கொடுப்பதுதான் பாலைப் பெருக்கும்.

ஒன்று மட்டும் எனக்குக் கோபமே வரும். ‘பச்சை உடம்பு, தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்’ என்று தாய்க்குத் தாகத்துக்குத் தண்ணீர் தராமல் வைத்திருப்பது. பால் எதிலிருந்து ஊறும்? கொதித்து ஆறிய தண்ணீரில் சீரகமோ ஓமமோ போட்டுத் தாராளமாகக் கொடுங்கள். காய்ச்சல் வந்தாலோ, தீட்டு நாற்றம் எடுத்தாலோ, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிற மாதிரி ரத்தம் போனாலோ பத்தியம் பார்க்க நேரமில்லை. பிரசவம் பார்த்த இடத்துக்கே திரும்பிப் போங்கள்.

மாதாந்திர வலிக்கு இஞ்சி

கர்ப்பிணி இல்லாத பெண்களுக்கு, தீட்டு நாளில் வரும் அடிவயிற்று வலிக்கு, முதல் மூன்று நாள் சுக்குக் கஷாயம் நன்றாகவே வேலை செய்யும். பள்ளிக்கூடம் போகும் பெண்ணுக்கும் கொடுக்கலாம். மூன்று மாதம் கொடுத்தும் வலி கூடிக்கொண்டே போனால் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். அதேபோல், தீட்டு முற்றிலும் நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் கஷாயம் தேடாமல் டாக்டரிடம் போங்கள். புற்றுநோய் இல்லை என்று முதலில் தெரிந்தாக வேண்டும்.

அடுத்த முறை செக்கப்புக்குப் போகும்போது, வீட்டில் குடிக்கிற பொடி, கஷாய சூரணம், டீ பாக்கெட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ‘இங்கிலீஷ் டாக்டர் திட்டுவாங்க’ என்று மறைக்க வேண்டாம். எங்களிடம் வரும்போதும் அவர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கொண்டு வாருங்கள்.